ஆலையும் அடுக்களையும்

வேலூரிலிருந்து மேற்கு நோக்கிப் பாலாற்றை ஒட்டிச் செல்லும் நெடுஞ்சாலையில் விடியற்காலையில் பயணம் செய்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். பள்ளிகொண்டா, மாதனூர், ஆம்பூர், வாணியம்பாடி என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஊருக்கு ஊர் சாலையோரத்தில் பெண்கள் சிறுசிறு கூட்டமாக நின்றுகொண்டிருப்பார்கள். கையில் மதியச் சோற்றுப் பை. கழுத்தில் அடையாள அட்டை. பார்வையோ சாலையின் வளைவில். காலணித் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் வண்டிக்காக அவர்கள் காத்திருக்கிறார்கள். இவர்கள் வேலைக்குப் புறப்படுகிறார்கள் என்று நாம் சொல்கிறோம். அது பாதி உண்மைதான். அடுப்பு மூட்டி, தண்ணீர் பிடித்து, பிள்ளைகளை எழுப்பி, மாமியாருக்கு மருந்து எடுத்து வைத்து, ஒரு வேலையை முடித்த பிறகே இவர்கள் இங்கே வந்து நிற்கிறார்கள். மாலையில் வண்டி திரும்ப வந்து இறக்கிவிடும்பொழுது, விட்ட இடத்திலிருந்து அந்த முதல் வேலை மீண்டும் தொடங்கும்.

இவ்விரண்டு வேலைகளுக்கும் இடையில் அகப்பட்ட மனத்தில் உண்டாகும் இறுக்கத்தைப் பற்றி இன்று பலரும் பேசுகின்றனர். அதனை மனத்திண்மைக் குறைவு என்பாரும் உளர். நேரத்தைத் திட்டமிடத் தெரியாமை என்பாரும் உளர். ஆனால் ஓர் ஊரில் ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையில் ஒரே வகையான துன்பத்தை அடைவார்களானால், அதற்குரிய காரணத்தை ஒவ்வொருவர் நெஞ்சிலும் தனித்தனியே தேடுவது பொருந்துமா? அந்த ஊரின் வரலாற்றிலேயே அதனைத் தேட வேண்டும். ஆகவே வேலூர், ஆம்பூர் வட்டாரத்துத் தோல் தொழிலின் கதையை இந்த ஒரு நோக்கோடு சிறிது திரும்பிப் பார்ப்போம்.

பழைய வடஆர்க்காட்டுப் பகுதியில் இத்தொழில் வேரூன்றக் காரணங்கள் பல இருந்தன. பாலாற்றுப் படுகையில் கிணறு தோண்டினால் நல்ல நீர் கிடைத்தது. ஆவாரஞ்செடி தரிசு நிலமெங்கும் தானே வளர்ந்தது. அதன் பட்டையும், மலைக்காடுகளில் விளைந்த கடுக்காயும் தோலைப் பதனிட உதவின. 1856-ஆம் ஆண்டில் தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரையில் திறக்கப்பெற்றது. பின்னர் அது ஆம்பூர், வாணியம்பாடி வழியாக மேற்கே நீண்டது. பதனிட்ட தோல் துறைமுகத்தை எளிதில் அடைந்தது. கடல் கடந்த சந்தைகளில் அதற்குக் 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரே நிலைத்தது. முதல் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் படைவீரர்களின் பூட்ஸுகளுக்கு மேற்பகுதி தைக்க இத்தோல் மிகுதியாக வாங்கப்பட்டது. தொழிலை நடத்தியவர்களுள் முஸ்லிம் வணிகர் பலர். உழைத்தவர்களுள் ஒடுக்கப்பட்ட சாதியினரே மிகப் பலர்.

அக்காலத் தோல் தொழில் பெரும்பாலும் ஆண்களின் தொழிலாகவே இருந்தது. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குவதும், நீர் சொட்டும் தோலைத் தூக்குவதும், மயிர் நீக்குவதும், சதை சீவுவதும் அவர்கள் வேலைகள். பெண்கள் வயலில் நாற்று நட்டனர், களை பறித்தனர், குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கங்களில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பீடி சுற்றினர். அது எளிய வாழ்க்கை என்று நான் சொல்ல வரவில்லை. கூலி குறைவு, உழைப்போ கடுமை. ஆயினும் வீடும் வேலையும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தொலைவில் இருந்தன. கைக்குழந்தையை வரப்போரத்து மரக்கிளையில் தூளி கட்டிப் போடலாம். அது அழுதால் ஐந்து நிமிடம் கரையேறிப் பால் கொடுத்துவிட்டு மீண்டும் சேற்றில் இறங்கலாம்.

விடுதலைக்குப் பின் காட்சி மாறலாயிற்று. 1948-இல் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. தோலை அரைப்பக்குவத்தில் அயல்நாட்டுக்கு விற்றுவிட்டு, அவர்கள் அதனைக் காலணியாக்கிப் பன்மடங்கு விலைக்கு விற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது முறையோ என்ற கேள்வி எழுந்தது. 1972-இல் மத்திய அரசு சீதாராமையா குழுவை அமைத்தது. பச்சைத் தோலையும் அரைப்பக்குவத் தோலையும் ஏற்றுமதி செய்வதைக் குறைத்து, முழுதும் பக்குவப்படுத்திய தோலையும் தோற்பொருள்களையும் ஏற்றுமதி செய்ய வேண்டும் என்பது அக்குழு காட்டிய வழி. அடுத்த ஆண்டிலிருந்தே கட்டுப்பாடுகள் வந்தன. ஆம்பூரிலும், வாணியம்பாடியிலும், இராணிப்பேட்டையிலும் காலணியின் மேற்பகுதி தைக்கும் ஆலைகள் தோன்றின. நாளடைவில் முழுக் காலணியே செய்யும் ஆலைகளும் எழுந்தன. தொட்டி வேலைக்குத் தோள்வலிமை வேண்டியிருந்தது. தையல் வேலைக்கு விரல்களும் கண்களும் போதும். பெண்கள் குறைந்த கூலிக்கு வருவார்கள் என்ற கணக்கும் அதில் சேர்ந்திருந்தது. இவ்வாறு தையல் இயந்திரங்களின் வரிசையில் பெண்கள் வந்து அமர்ந்தனர்.

அவர்களை அங்கே செலுத்திய காரணம் இன்னொன்றும் உண்டு. அதுவும் தோல் தொழில் தந்ததே. பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பல்லாண்டுகளாகப் பாலாற்றிலும் நிலத்திலும் பாய்ந்தது. உச்சநீதிமன்றம் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள், வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் புகழ்பெற்ற தீர்ப்பொன்றை வழங்கிற்று. மாசு செய்தவரே அதற்கு ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. ஆலைகள் சூழ்ந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்பது அத்தீர்ப்பில் இடம்பெற்ற செய்தி. விளைநிலம் கெட்டால் வயற்கூலியும் குறையும் அன்றோ? முதலில் நிலத்தைக் கெடுத்த தொழிலே, பின்னர் அந்நிலத்தில் உழைத்த குடும்பத்துப் பெண்களுக்குச் சம்பளம் தரும் இடமாயிற்று.

வயலிலிருந்து ஆலைக்குப் போனபோது பெண்ணின் தொழில் மட்டும் மாறவில்லை. அவளுடைய பொழுதும் மாறிற்று. கதிரவனைப் பார்த்து வேலை செய்தவள் இப்பொழுது மணியைப் பார்த்து வேலை செய்ய வேண்டும். வண்டி ஐந்து நிமிடம் நிற்காது. தையல் வரிசையில் ஒருவர் கை தளர்ந்தால் அடுத்தவருக்குப் போகவேண்டிய தோல் தேங்கிவிடும். அயல்நாட்டு வணிகர் குறித்த நாள் நெருங்கினால் மிகைநேர வேலையும் வரும். இத்தனையும் மாறின. ஆனால் அடுக்களையில் எதுவும் மாறவில்லை. சோறு அவளே வடிக்க வேண்டும். காய்ச்சலில் படுத்த குழந்தையின் அருகே அவளே இருக்க வேண்டும். இரண்டு மணிகள், ஒன்றையொன்று அறியாமல், ஒரே ஆளை ஒரே நேரத்தில் அழைத்தன. நாம் தேடிவந்த மன இறுக்கத்தின் பிறப்பிடம் இதுவே.

உளநூலார் இதனை நுணுகி ஆராய்ந்திருக்கின்றனர். அமெரிக்க அறிஞர்களான கிரீன்ஹாஸ், பியூட்டெல் என்னும் இருவர், பணிக்கும் குடும்பத்துக்கும் இடையே எழும் மோதலை 1985-இல் மூன்றாகப் பகுத்துக் காட்டினர். முதலாவது, காலத்தால் வருவது. மாலை ஏழு மணி வரை ஆலையில் இருப்பவர் ஐந்து மணிக்குப் பள்ளி விட்டு வரும் குழந்தைக்குக் கதவு திறக்க முடியாது. இரண்டாவது, களைப்பால் வருவது. உடல் வீட்டுக்கு வந்துவிடும். ஆனால் நாள் முழுதும் ஊசிமுனையை உற்று நோக்கிய கண்ணும், மேற்பார்வையாளர் சொன்ன கடுஞ்சொல்லைச் சுமந்த மனமும் குழந்தையின் கேள்விக்கு விடை சொல்ல இடங்கொடா. மூன்றாவது, நடத்தையால் வருவது. ஆலை விரைவையும் பேசாமையையும் கேட்கிறது. வீடோ பொறுமையையும் பேச்சையும் கேட்கிறது. ஒரு வேடத்தைக் கழற்றி மற்றொன்றை அணிய அவளுக்குக் கிடைப்பது வண்டியில் கழியும் சிறிது நேரமே.

இம்மூன்றினும் கொடியது குற்றவுணர்வு. ஆலையில் இருக்கும்பொழுது பிள்ளையை விட்டுவிட்டோமே என்று நெஞ்சு குத்தும். பிள்ளைக்காக விடுப்பு எடுத்தாலோ சம்பளம் போயிற்றே என்று குத்தும். எங்கிருந்தாலும் தவறான இடத்தில் இருப்பது போன்ற எண்ணம் அது. இரண்டு தோணியில் கால் வைத்தாற்போல் என்று நம் மக்கள் சொல்வார்கள். பேராசையால் இரண்டு தோணியில் கால் வைத்தவனைப் பழிக்க எழுந்த சொல் அது. இந்தப் பெண்ணோ ஒரு தோணியைப் பசியால் ஏறினாள். மற்றொன்றில் அவளைப் பிறரே நிறுத்தினார்கள்.

இவ்விடத்தில் மறுபக்கத்தையும் சொல்லுதல் வேண்டும். பல பங்குகளை ஏற்பது எப்பொழுதும் துன்பமே என்று கொள்ளலாகாது. சீபர் என்னும் சமூகவியலார் 1974-இல் இதற்கு மாறான கருத்தை முன்வைத்தார். ஓரிடத்தில் பட்ட காயத்துக்கு மற்றோரிடம் மருந்தாகலாம். பல பங்குகள் மதிப்பையும் துணையையும் தரும் என்பது அவர் வாதம். ஆலைச் சம்பளம் வந்த பிறகு தோல் நாட்டுப் பெண்ணுக்கு வீட்டில் சொல் உண்டாயிற்று. மகளைக் கல்லூரிக்கு அனுப்பும் துணிவு வந்தது. வரிசையில் பக்கத்தில் அமர்ந்த தோழியிடம் மனக்குறையை இறக்கிவைக்க முடிந்தது. ஆகவே, வேலையை விட்டுவிடு என்று அவளிடம் சொல்வது நோய்க்கு மருந்தாகாது. அவள் பெற்ற ஒரே உரிமையைப் பறிப்பதாகவே முடியும்.

ஆயினும் இரண்டில் ஒன்றை விடு என்பதே நெடுங்காலம் உலகம் கண்ட தீர்வாக இருந்தது. வேலூரின் வரலாறே இதற்கும் சான்று தருகிறது. இராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார், மருத்துவம் பயின்று 1900-இல் வேலூருக்குத் திரும்பினார். 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கினார். அவர் தம் வாழ்நாள் முழுதும் மணம் செய்துகொள்ளவில்லை. அது அவராக ஏற்ற வாழ்வு. ஆனால் சில பணிகளில் அரசே அத்தகைய வாழ்வை விதியாக்கிற்று. இந்திய வெளிநாட்டுப் பணியில் சேர்ந்த பெண் மணம் செய்துகொள்ள அரசின் இசைவு பெற வேண்டும் என்றும், குடும்பக் கடமைகள் அலுவலுக்கு இடையூறாகும் என்று அரசு கருதினால் அவரை விலகச் சொல்லலாம் என்றும் விதி இருந்தது. அப்பணியில் சேர்ந்த முதற்பெண்மணியாகிய சி. பி. முத்தம்மா இதனை எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்றார். 1979-இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், பெண்ணின் குடும்பக் கடமை அலுவலுக்கு இடையூறாகுமாயின் ஆணின் குடும்பக் கடமையும் அவ்வாறு ஆகலாமே என்று அவ்விதியின் அநீதியைச் சுட்டிக் காட்டினார். ஆணுக்கும் குடும்பக் கடமை உண்டு என்பதை ஒரு நீதிமன்றம் நினைவூட்ட வேண்டியிருந்தது!

தொழிலாளர் சட்டங்களின் வரலாற்றிலும் இவ்வெண்ணம் மெல்ல மெல்லவே நுழைந்தது. 1891-ஆம் ஆண்டுச் சட்டம் ஆலைப் பெண்களின் வேலைநேரத்தை நாளுக்குப் 11 மணி என்று வரையறுத்தது. 1919-இல் வாஷிங்டனில் கூடிய முதல் பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு, மகப்பேற்றுக் காலப் பாதுகாப்புக்கென ஓர் உடன்படிக்கை செய்தது. பம்பாய் மாகாணம் 1929-லும், சென்னை மாகாணம் 1934-லும் மகப்பேற்று உதவிச் சட்டங்களை இயற்றின. 1948-இல் வந்த தொழிற்சாலைச் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 1976-இல் அந்த எண்ணிக்கை 30 ஆகக் குறைக்கப்பட்டது. 1961-ஆம் ஆண்டு மகப்பேற்று உதவிச் சட்டம் 12 வார விடுப்பு அளித்தது. 2017-இல் அது முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரமாக உயர்ந்தது.

2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மாணவர்கள் கருதத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. அதற்குமுன் காப்பகம் வேண்டுமா என்பது பெண்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. கூடுதலாக ஒரு பெண்ணைச் சேர்த்தால் காப்பகச் செலவு வருமே என்று முதலாளி தயங்க அது இடந்தந்தது. 2017-இன் திருத்தமோ, 50 பணியாளர் இருந்தாலே காப்பகம் வேண்டும் என்றது. பெண் என்றோ ஆண் என்றோ பிரித்து எண்ணவில்லை. குழந்தை தாய்க்கு மட்டும் உரியதன்று என்ற உண்மையைச் சட்டம் முதன்முறையாக வாய்விட்டுச் சொல்லாமலே ஒப்புக்கொண்டது. ஆயினும் அதே சட்டம் தந்தைக்கென ஒரு நாள் விடுப்பும் வகுக்கவில்லை. கணக்கில் ஆணைச் சேர்த்தது, கடமையில் சேர்க்கவில்லை.

சட்டத்தின் கண் எட்டாத இடம் ஒன்றும் இத்தோல் நாட்டில் உண்டு. அது வீட்டுத் திண்ணை. ஆலைக்குப் போக இயலாத பெண்கள், இடைத்தரகர் கொண்டுவந்து கொடுக்கும் தோல் துண்டுகளை வீட்டிலேயே கையால் தைத்துக் காலணியின் மேற்பகுதியாக்கித் தருகின்றனர். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. அது மிகச் சிறிது. குழந்தையைப் பார்த்துக்கொண்டே சம்பாதிக்கலாம் என்பதால் இருவேலைச் சிக்கலுக்கு இதுவே நல்ல விடை என்று தோன்றும். உண்மையில் அங்கே சிக்கல் அவிழவில்லை, முடிச்சு இறுகுகிறது. ஆலைப் பெண்ணுக்கு வண்டி திரும்பும் நேரமாவது ஓர் எல்லை. வீட்டில் தைப்பவளுக்கு அந்த எல்லையும் இல்லை. சோறு கொதிக்கும்பொழுதும் ஊசி. பிள்ளை உறங்கியபின்னும் ஊசி. முதுகுவலியும் கண்ணெரிச்சலும் வந்தால் பார்க்க ஆலை மருத்துவமனை இல்லை. பார்ப்பவர்களோ, அவள் வீட்டில் சும்மா இருக்கிறாள் என்பார்கள்!

இதே கதை வேறொரு நாட்டில், வேறொரு வரிசையில் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து லின் நகரம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் காலணிக்குப் பெயர்பெற்றது. அங்கே ஆண்கள் சிறு பட்டறைகளில் தோல் வெட்டி அடி பூட்டினர். அவர்களுடைய மனைவியரும் மகளிரும் அடுப்பருகே அமர்ந்து மேற்பகுதியைத் தைத்தனர். 1850-களில் தோல் தைக்கும் இயந்திரம் வந்ததும் அத்தையல் ஆலைக்குள் புகுந்தது. 1860-இல் அந்நகரத் தொழிலாளர் பெரியதொரு வேலைநிறுத்தம் செய்தபொழுது, பனி கொட்டிய மார்ச்சு மாதத்தில் பெண்களும் ஊர்வலம் சென்றனர். ஆனால் ஆலையில் தைத்த இளம்பெண்களுக்கும் வீட்டில் தைத்த மனைவியருக்கும் கோரிக்கைகள் ஒன்றாக இல்லை. அவர்களிடையே பிளவு உண்டாயிற்று. லின் நகரில் தையல் வீட்டிலிருந்து ஆலைக்குப் போயிற்று; ஆம்பூரில் ஒரு பகுதி ஆலையிலிருந்து வீட்டுக்கு வந்தது. திசை மாறினாலும் இரண்டு ஊர்களிலும் மாறாத ஒன்று உண்டு: அடுப்பு எங்கே இருந்ததோ அங்கே பெண்ணே இருந்தாள். வீட்டிலிருந்து உழைப்போரும் தொழிலாளரே என்று பன்னாட்டுத் தொழிலாளர் நிறுவனம் உடன்படிக்கை செய்தது 1996-இல்தான்.

அடுப்பருகே கழியும் பொழுதை அளந்தும் பார்த்திருக்கின்றனர். 2024-ஆம் ஆண்டு இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடங்களை அதில் கழிக்கிறாள்; அவ்வேலையில் ஈடுபடும் ஆணோ 88 நிமிடங்களே கழிக்கிறான். ஏறத்தாழ ஐந்து மணி ஒருபுறம். ஒன்றரை மணி மறுபுறம். இச்சுமையைச் சமுதாயம் பகிர்ந்துகொள்ள முயன்றதும் உண்டு. 1956-இல் காமராசர் ஆட்சியில் விரிந்த பள்ளி மதிய உணவும், 1982-இல் வந்த சத்துணவும், 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் குழந்தையின் பசியைத் தீர்க்க வந்தவை. அவற்றால் பிறிதொரு நன்மையும் விளைந்தது. விடியலில் கம்பெனி வண்டிக்கு ஓடும் தாயின் கையிலிருந்து ஒரு வேலையை அவை வாங்கிக்கொண்டன. ஒரு பள்ளியில் பிள்ளைக்கு உப்புமாவும் பொங்கலும் பரிமாறும்போது, ஒரு தாயின் நெஞ்சில் ஏறிய பாரமும் சிறிது இறங்குகிறது.

இதுவரை பார்த்தவற்றால் விளங்குவது ஒன்று. தொழில் மாறியபோதெல்லாம் பெண் மாறினாள். வயலிலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து திண்ணைக்கும், மீண்டும் ஆலைக்கும் அவள் நடந்தாள். சட்டம் பின்னால் மெல்ல நடந்து வந்தது. வீடு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. அவள் மன இறுக்கம் அவளுடைய குறையன்று. நடக்காமல் நின்றுவிட்ட வீட்டின் குறை. வரலாறு உண்டாக்கிய சுமையாதலால், வரலாற்றை உண்டாக்கும் மனிதரால் அதனைக் குறைக்கவும் முடியும்.

மாணவ நேயர்களே, உங்களுள் சிலர் அந்தச் சாலையோரத்தில் நிற்கும் தாய்மாரின் பிள்ளைகளாகவும் இருக்கலாம். அவருடைய இயந்திரத்தின் வேகத்தை நீங்கள் குறைக்க முடியாது. வணிகர் குறித்த நாளை மாற்ற முடியாது. ஆனால் 289 நிமிடத்துக்கும் 88 நிமிடத்துக்கும் இடையேயுள்ள அந்தத் தொலைவு ஆலைக்குள் இல்லை. உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது. மகன் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும் நாளில் அது சிறிது குறையும். தந்தை அடுப்பு மூட்டும் நாளில் இன்னும் குறையும். நாளை நீங்களே ஆலை நடத்துபவராகவோ சட்டம் எழுதுபவராகவோ ஆகும்பொழுது, வேலைக்கு வருபவர் ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு வீடு இருக்கிறது என்பதை மறவாதிருந்தால், மேலும் குறையும். இன்று மாலை கம்பெனி வண்டி வந்து நிற்கும்பொழுது, இறங்கி வருபவரின் கைப்பையை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். அதிலிருந்து தொடங்கலாம்.